போகாத பயணங்களைக் கேட்டவர்

செய்தி அல் ஐனிலிருந்து வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். அபுதாபி பேருந்து நிலையத்தில், அன்றைய பயணிகள் கணக்கெடுப்புக்கு வந்திருந்த ஆட்களுக்குப் படிவ அட்டைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜபருல்லா காக்கா அழைத்தார். அண்ணனைக் காக்கா என்றழைக்கும் கீழக்கரைக்காரர், அல் ஐனில் பெட்டி, போர்வைக் கடை வைத்திருப்பவர். வழக்கமாகக் குரல்செய்தி அனுப்புவாரே தவிர, வியாபார நேரத்தில் அழைக்க மாட்டார்.

"தம்பி, நம்ம பேச்சியம்மா மௌத்தாயிட்டாங்களாம். தம்மாம்ல. நெஞ்சு வலின்னு சொன்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்."

பிறகு சொன்னார்: "கடைய அடைச்சுட்டேன் தம்பி. உக்காந்து யாவாரம் பாக்க முடியல."

உடல் தென்காசிப் பக்கத்திலுள்ள அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் சிலர் அபுதாபியில் ஒரு உணவகத்தின் மாடியில் கூடினோம். முதலில் பேசியவர், பேச்சியம்மாள் அமைதியானவர் என்றார். அடுத்தவர் பொறுமைசாலி என்றார். மூன்றாவதாகப் பேசியவர் எங்களோடு பழைய அலுவலகத்தில் வேலை செய்தவர். அவர் இப்படிச் சொன்னார்: "ரயிலு எப்படியும் வரத்தான் போகுது. அந்தம்மா தேவையில்லாம சண்ட போட்டு வேலைய விட்டாங்க. அந்த வருத்தம் எனக்கு எப்பவும் உண்டு." பலர் தலையை ஆட்டினார்கள். அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பேச்சியம்மாள் அமைதியானவர் அல்லர். பொறுமைசாலியும் அல்லர். கணக்கெடுப்புக்கு வரும் பையன்கள் நிழலில் உட்கார்ந்து மனம்போன போக்கில் படிவத்தை நிரப்பினால், அதை அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போகச் சொல்வார். எங்கள் திட்ட மேலாளர் வெளிநாட்டுக்காரர். இவர் பெயர் வாயில் நுழையாமல் "பீச்சி" என்பார். எத்தனை பெரிய கூட்டமாக இருந்தாலும் பேச்சியம்மாள் பேச்சை நிறுத்தி, "பேச்சி" என்று திருத்துவார். மேலாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் "பீச்சி" என்பார். இவர் மீண்டும் திருத்துவார். நான்கு ஆண்டுகள் இது நடந்தது. ஒருமுறைகூட அவர் விட்டுக்கொடுத்து நான் பார்க்கவில்லை.

அவர் சிவில் டிப்ளமோ படித்தவர். கணவர் சுடலைமுத்து அண்ணாச்சி சவூதியில் தம்மாம் துறைமுகத்தில் வேலை பார்த்தார். திருமணமாகித் தம்மாமுக்குப் போன பேச்சியம்மாள், அங்கே ஓர் அலுவலகத்தில் வரைபட வேலையில் சேர்ந்து, பிறகு போக்குவரத்துக் கணக்கெடுப்புக்கு மாறினார். அந்த அனுபவத்தை வைத்து அபுதாபியில் எங்கள் நிறுவனத்துக்கு வந்தார். அண்ணாச்சி அங்கேயே இருந்தார். அபுதாபியில் பேச்சியம்மாள் தங்கியிருந்தது இரண்டு பெண்களோடு பகிர்ந்துகொண்ட ஒரு ரூம். நான் அதே நிறுவனத்தில் களப்பணி மேற்பார்வையாளன். மன்னார்குடிக்காரன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவருக்கு நான் செல்வராஜ். எனக்கு அவர் கடைசிவரை மேடம்.

ரயில்மேல் உங்களுக்கு என்ன இவ்வளவு பிடிப்பு என்று ஒருநாள் கேட்டேன். தம்மாமிலிருந்து ரியாத்துக்குப் போகும் ரயிலைப் பற்றிச் சொன்னார். "அங்க எங்க வீட்ல யாருக்கும் லைசென்ஸ் கிடையாது செல்வராஜ். எங்கயாவது போகணும்னா, கார் வச்சிருக்கவன் கிட்ட போய் நிக்கணும். அவன் எப்ப வருவான், எப்ப கெளம்புவான்னு மூஞ்சியப் பாத்துட்டு இருக்கணும். ரியாத்துக்குப் போகும்போது மட்டும் அது இல்ல. டிக்கெட் எடுத்தா நம்ம சீட்டு. மந்திரி வந்தாலும் அது நம்ம சீட்டு." கார் இல்லாதவன் அடுத்தவன் தயவில் நிற்காமல் ஊர் போய்த் திரும்ப வேண்டும். ரயில் பற்றி அவர் வைத்திருந்த கொள்கை அவ்வளவுதான்.

எங்களிடம் வந்த வேலை ஒரு சாத்தியக்கூறு ஆய்வு. அமீரகத்தில் சரக்கு வண்டிகள் ஓடும் இருப்புப்பாதையில் பயணிகள் வண்டிகள் ஓடப்போவது உறுதியாகியிருந்தது. அல் ஐன், ராஸ் அல் கைமா போன்ற ஊர்களுக்கும் அந்தச் சேவையை நீட்டலாமா, அரசு அதற்குப் பணம் போடுவது தகுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். யார் எங்கே போகிறார்கள், எதில் போகிறார்கள், ரயில் வந்தால் அதில் ஏறுவார்களா என்று ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்டு எழுதுவது எங்கள் பகுதி.

ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையை ஒட்டிய தொழிலாளர் கேம்பில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். விடுமுறை நாள் காலை. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். டேப்லெட்டைக் காட்டினால் கம்பெனி ஆள் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள் என்று, பேச்சியம்மாள் பிடிவாதமாகக் காகிதப் படிவம் கொண்டுவந்திருந்தார். எங்கள் முதல் கேள்வி: கடந்த ஒரு மாதத்தில் வேறு ஊருக்கு எத்தனை முறை பயணம் செய்தீர்கள்? முதல் ஆள், ஒன்றுமில்லை என்றார். இரண்டாவது ஆளும் அப்படியே. இந்தியில் கேட்டாலும், மலையாளத்தில் கேட்டாலும், தமிழில் கேட்டாலும் ஒரே பதில். பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே போனேன். பயணமே செய்யாதவனிடம் அடுத்த கேள்விகள் எதற்கும் வேலையில்லை. ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டிவிடலாம் என்று எனக்குள் மகிழ்ச்சிதான்.

அப்போது முருகேசன் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். முதுகுளத்தூர் பக்கம். அவரும் பூஜ்யம் என்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பேச்சியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, போகலங்கறீங்க சரி. போகணும்னு நெனச்சு, போகாம விட்டது உண்டா?"

முருகேசன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதயெல்லாமா எழுதுவீங்க?"

"சொல்லுங்க. நான் எழுதுதேன்."

"எந்தம்பி அபுதாபி முஸஃப்பால இருக்கான். வெல்டரு. அவன் வந்து மூணு வருசம் ஆச்சு. இங்கேருந்து அங்க போக மூணு பஸ் மாறணும். எனக்கு லீவு ஒரு நாளு. போய் இறங்குனதும் திரும்பணும். பஸ்ஸு தப்புனா மறுநாள் டூட்டி போச்சு." படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே நாட்டுல இருக்கோம்னு அம்மா ஊர்ல சந்தோசமா சொல்லிக்கிட்டு இருக்கு. நாங்க போன்லதான் பாத்துக்கிறோம்."

பேச்சியம்மாள் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, அவர் சொன்னதை அப்படியே எழுதினார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினார். "சரியா இருக்கா?" என்று கேட்டார். அதன் பிறகு, ஏற்கெனவே பூஜ்யம் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தங்களையும் எழுதச் சொன்னார்கள். மதியச் சோறு பரிமாற மேஜை வேண்டுமென்று சமையல்காரர் வந்து நின்றபோதும் வரிசை முடியவில்லை. நாங்கள் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினோம்.

திரும்பி வரும் பேருந்தில் சொன்னார்: "ரோடு போடும்போது, இப்ப எத்தனை கார் போகுதுன்னு பாத்துட்டா போடுதாங்க? வரும்னு நம்பித்தானே போடுதாங்க. இவங்களுக்கு மட்டும் ஏன், போனாத்தான் எழுதுவேன்னு சொல்லணும்?" மறுநாளே எல்லாப் படிவங்களிலும் ஒரு கேள்வி கூடியது. போக நினைத்துப் போகாமல் விட்ட பயணம் எது, ஏன்?

ஆய்வில் இன்னொரு வேலையும் இருந்தது. அரசுப் பணம் போட வேண்டுமென்றால் அந்தந்த ஊர் வியாபாரிகள், நிறுவனங்களின் ஆதரவுக் கடிதம் வேண்டும். அல் ஐனில் அதற்காகத்தான் ஜபருல்லா காக்காவைச் சந்தித்தோம். கடைவீதியில் அவர் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள். அவர் பால் இல்லாத சுலைமானி டீ வாங்கிக் கொடுத்து, நாங்கள் சொன்ன அனைத்தையும் கேட்டுவிட்டு, "மாஃபி" என்றார், அரபியில் இல்லை என்று.

"தங்கச்சி, நீங்க நல்லவங்களா தெரியிறீங்க, அதனால சொல்றேன். ரயிலு வந்துச்சுன்னா எங்க கஸ்டமர் பூராம் அதுல ஏறி துபாய்க்குப் போய் சாமான் வாங்குவான். எங்க கடைய நாங்களே மூடறதுக்கு நாங்களே கையெழுத்துப் போடணுமா?"

"இப்ப கார்ல போகலயா பாய்?"

"கார் வச்சிருக்கவன் போறான். இல்லாதவன் எங்கிட்ட வர்றான்."

நேர்மையான பதில்தான். பேச்சியம்மாள் சுலைமானியைக் குடித்து முடித்தார். பிறகு படிவத்தை எடுத்து, "கடிதம் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கிடுதேன்" என்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

காக்கா சிரித்தார். "எனக்கென்ன, வண்டி இருக்கு" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கடைச் சாவியை உருட்டிக்கொண்டே சொன்னார். சர்க்கரை நோயால் பார்வை மங்கி, இரண்டு ஆண்டுகளாக அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. கார் வாசலில் நிற்கிறது; நினைத்தபோது ஓட்ட ஆளில்லை. அவருடைய தம்பி ஷார்ஜாவில் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தபோது, கடைப் பையன் தன் ஓய்வு நாளில் வண்டி ஓட்டிக் கூட்டிப்போனால் மட்டுந்தான் போக முடிந்தது. "கடைசி வாரம் போகல. அவன் கேட்டுக்கிட்டே இருந்தானாம்."

பேச்சியம்மாள் எழுதினார். வாசித்துக் காட்டினார். கடிதம் கேட்காமல் எழுந்தார். நாங்கள் வாசல்வரை வந்த பிறகு காக்கா கூப்பிட்டார். "அந்தக் கடுதாசி எங்க?" கடை முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, எங்களோடு வெயிலில் இறங்கி, கடை கடையாக வந்தார். ஒரு துணிக்கடைக்காரர், கஸ்டமர் போய்விடுவார்கள் என்று அவர் சொன்ன அதே வாதத்தை அவரிடமே சொன்னபோது, "போறவன் போகட்டும்வே. நம்ம ஆளுக நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல, அதுக்குக் கையெழுத்துப் போடு" என்றார். அந்த வாரம் கடைவீதியின் கடிதம் நாலு பக்கக் கையெழுத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

இனி எழுதப்போவது எனக்கு எளிதல்ல.

அறிக்கை தயாராகும் வேளையில் மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். கேம்ப் படிவங்களை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொன்னார். தொழிலாளர்களை அவர்களுடைய நிறுவனங்களே பேருந்தில் ஏற்றி இறக்குகின்றன. அவர்கள் பயணிகள் சந்தையில் சேர மாட்டார்கள். அவர்களைச் சேர்த்தால் கட்டணத்தைக் குறைவாக வைக்க வேண்டிவரும், வரவு குறையும், திட்டமே கெட்டுப்போகும் என்றார். கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. எனக்கு அப்போது ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். மகள் இங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வி கேட்கவில்லை. கணினியில் ராஸ் அல் கைமா கேம்ப் வரிசைகளைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். அரை நிமிட வேலை. காகிதங்களைப் பெட்டியில் கட்டிப் பொருள் அறையில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மாள் என் மேஜைக்கு வந்தார்.

"முருகேசனக் காணல" என்றார்.

எனக்குப் புரியாதது போல், "எந்த முருகேசன் மேடம்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வைக்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை.

"மேலேருந்து சொன்னாங்க. நான்தான் எடுத்தேன்."

"எழுத்துல சொன்னாங்களா?"

"இல்ல. கூப்பிட்டுச் சொன்னாங்க."

"அப்ப, நாளைக்கு யாராவது கேட்டா, யாரு எடுத்ததுன்னு இருக்கும்?"

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "அவங்க நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல செல்வராஜ். எழுதுங்கன்னு மட்டுந்தான் கேட்டாங்க. நாமளும் எழுதினோம். வாசிச்சுக் காட்டினோம். இப்ப அதை நாமளே அழிச்சா, ஆரம்பத்துலயே கேக்காம இருந்திருக்கலாம்."

பொருள் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க, தன் வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு படிவத்தையும் மறுபடி கணினியில் ஏற்றினார். நான் மூன்றாம் நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். மன்னிப்புப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டொரு மாதம் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அது எனக்குச் சரியான தண்டனை என்றே இன்றும் நினைக்கிறேன்.

மேலாளர் அந்தப் பகுதியை அறிக்கையில் சேர்க்க மறுத்தார். கடைசியில் ஒரு பின்னிணைப்பாக, முதல் வரைவில் மட்டும் வைக்க ஒப்புக்கொண்டார். அரசு அதிகாரிகள் வந்திருந்த ஆய்வுக் கூட்டத்தில் அந்தப் பின்னிணைப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. பேச்சியம்மாளை அழைத்திருந்தது வரைபடத்தைத் திரையில் மாற்றுவதற்கு.

எங்கள் தரப்புப் பொருளாதார நிபுணர் ஒருவர், ராஸ் அல் கைமா பயணிகள் சேவை டிக்கெட் வருமானத்தில் தன் செலவை எடுக்காது, எனவே இப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை என்று முடித்தார். திரைப் பக்கமிருந்து குரல் வந்தது. ஆங்கிலத்தில்தான் பேசினார், ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல்.

"இன்று காலை நாம் எல்லோரும் இந்தக் கூட்டத்துக்கு வந்த நெடுஞ்சாலை தன் செலவை எடுத்துவிட்டதா? எடுத்திருந்தால் அந்தக் கணக்கை எனக்குக் காட்டுங்கள். நானும் இந்த ரயிலை வேண்டாம் என்று எழுதித் தருகிறேன்."

மேலாளர், "பீச்சி, பிறகு பேசலாம்" என்றார்.

"பேச்சி" என்றார் இவர். "பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது. யாரும் அதைத் திறக்கவில்லை."

தலைமை வகித்தவர் வயதான அமீரகத்து அதிகாரி. அதுவரை அதிகம் பேசாதவர். பக்கங்களைப் புரட்டி அந்த இடத்துக்கு வந்தார். "இவர்களிடம் நேரில் போய்ப் பேசியது யார்?" என்று கேட்டார்.

"நானும் செல்வராஜும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மேலாளரும் திரும்பினார். "ஆமாம் ஐயா. நாங்கள்தான் பேசினோம். எல்லாம் அவர்கள் சொன்னபடி இருக்கிறது" என்றேன். அந்த அலுவலகத்தில் நான் பேசியவற்றில் வெட்கப்படாமல் நினைத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

"வாசியுங்கள்" என்றார் அதிகாரி.

பேச்சியம்மாள் வாசித்தார். முஸஃப்பாவிலுள்ள தம்பியைப் பார்க்க. மூன்று பேருந்து மாற வேண்டும். துபாயில் பாஸ்போர்ட் புதுப்பிக்க. ஒரே நாளில் திரும்ப முடியாது. ஷார்ஜாவில் இறந்துபோன நண்பனின் முகம் பார்க்க. படம் மட்டும் அனுப்பினார்கள். அபுதாபியில் பெரிய பள்ளிவாசலில் தொழ; வந்து ஏழு வருடமாகிறது. அல் ஐனில் வீட்டு வேலை செய்யும் அக்காவைப் பார்க்க. அவளுக்கு வெள்ளிக்கிழமை லீவு, எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

இந்தப் பதிலைக் கேட்டதும் மேலாளர், "அதை எந்த ரயிலாலும் தீர்க்க முடியாது" என்றார்.

"தெரியும்" என்றார் பேச்சியம்மாள். "அவர் அதைச் சொன்னார். அதனால் எழுதினேன்." பிறகு வாசிப்பைத் தொடர்ந்தார்.

முழுவதையும் வாசித்து முடிக்க விட்டார்கள். அதிகாரி தம் நகலில் ஏதோ குறித்துக்கொண்டு, "இந்தப் பகுதி இல்லாமல் அறிக்கையை மேலே அனுப்ப வேண்டாம். பயணிகள் எண்ணிக்கையில் இவர்களையும் சேர்த்து மறுபடி கொண்டுவாருங்கள்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் கைதட்டவில்லை. யாரும் அழவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கப் போனார்கள்.

அறிக்கை திருத்தப்பட்டுப் போனது. அடுத்த பருவத்தில் பேச்சியம்மாளின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் என்று எதையும் எழுத்தில் தரவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவர் ரூமைக் காலி செய்த நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை போனேன். என் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் மேடம்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"எதை விடச் சொல்லுதீங்க?" என்றார். "வேல போனா இன்னொரு வேல கெடைக்கும். எழுதின பக்கமெல்லாம் போயிருந்தா, திரும்ப யாரு போய் அத்தன பேருகிட்டயும் கேப்பா?"

தம்மாமுக்குப் போய், அண்ணாச்சியோடு இருந்துகொண்டு, ஒரு சிறு நிறுவனத்தில் சாலைச் சந்திப்புகளில் வண்டி எண்ணும் வேலை பார்த்தார். அவர் தகுதிக்கு அது மிகச் சிறிய வேலை. அதைப் பற்றி அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் குறைபட்டுக்கொள்வேன். மாதம் ஒரு குரல்செய்தியாவது வரும். பாதியில், "என்னாச்சு நம்ம பேப்பர்? கேட்டீங்களா?" என்பார். அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குத் தன் சொந்தப் பெயரில் கடிதம் எழுதினார். பதில் வராதபோது மறுபடி எழுதினார். தம்மாம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஐந்து நிமிடம் கொடுத்தார்களாம். பட்டிமன்றத்துக்கு முன்னால் மேடையேறி, இங்கே உள்ளவர்களில் போக நினைத்துப் போகாமல் விட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாராம். "மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா கை மேல வந்துச்சு. பட்டிமன்றம் ஆரம்பிக்க அரை மணி லேட்டு" என்று குரல்செய்தியில் சொன்னார். அவர் குரலில் அத்தனை மகிழ்ச்சியை அதற்கு முன் கேட்டதில்லை.

இப்போது அந்த மூன்றாவது பேச்சுக்கு வருகிறேன். ரயில் எப்படியும் வரத்தான் போகிறது என்றார் நண்பர். எந்த ஊருக்கு வரப்போகிறது? பேச்சியம்மாள் கேட்ட இரண்டு ஊர்களுக்கும் பயணிகள் வண்டி இதுவரை போகவில்லை. பாலைவனத்தில் சரக்கு வண்டிகள் போகும்போது காரை ஓரம் கட்டிப் பார்த்திருக்கிறேன். நீளமாக, ஒழுங்காக, நேரத்துக்குப் போகின்றன. கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் போக வழி இருக்கிறது. அதை வெட்டி அரைக்கிறவர்களுக்கும் வழி வேண்டுமென்று கேட்க ஆள் இருந்ததால்தான் அந்தக் கேள்வி இன்று அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. தானாக அங்கே போய் உட்காரவில்லை. ஒரு நிலையம் எங்கே கட்டப்படுகிறது என்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் எங்கோ ஒரு கூட்டத்தில் குறுக்கே பேசியிருக்கிறார். அவரை நாம் மறந்துவிட்டு, வரத்தானே செய்யும் என்கிறோம்.

சண்டை போட்டு வேலையை விட்டார் என்பதும் தவறு. சண்டை போட்டதுதான் அவர் பார்த்த வேலை. மிச்சத்தைச் செய்யச் சம்பளத்துக்கு நாங்கள் இருந்தோம்.

நான் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது எதுவென்று சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அவர் எடுக்க விட மாட்டார். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். வேறொரு வழித்தடத்துக்கான கணக்கெடுப்பு. வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் எடுத்த படிவங்களை நீக்கிவிடலாம், அவர்கள் தனியாகப் பயணம் செய்வதில்லை என்று புதிதாக வந்திருக்கும் அதிகாரி சொன்னார். நல்ல மனிதர், கோபப்படாதவர்.

எழுத்தில் கொடுங்கள், உங்கள் பெயரைப் போட்டு, என்றேன்.

அவர் வியப்போடு பார்த்தார். "சின்ன விஷயம் செல்வராஜ். எதுக்கு இவ்வளவு பெரிசு பண்றீங்க?"

மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். யாருக்கும் பேச்சியம்மாளைத் தெரியாது.

"ஒரு தடவை நான் நீக்கியிருக்கேன் சார்" என்றேன். "இந்தத் தடவை மாட்டேன்."